ஒரே நட்சத்திரம், கேட்டலாக்ல ரெண்டு பேரு: ஆர்ஆர்சியா ஈடபிள்யூவா? பாத்து சொல்லுங்

பாவுநூல், திருப்பூர்

எல்லாருக்கும் வணக்கமுங்க. ரெண்டு வாரமா ஒரு நட்சத்திரத்தோட மல்லுக்கட்டிட்டு இருக்கறேன், தூக்கம் போச்சு, வீட்ல முறைப்பு வேற. விசயம் என்னன்னா, வானத்தைத் திரும்பத் திரும்பப் படம் புடிக்கற சர்வே டேட்டால இருந்து போட்ட வேரியபிள் ஸ்டார் (பிரகாசம் கூடிக் கொறையற நட்சத்திரம்) கேட்டலாக் ரெண்டை எறக்கி ஒண்ணுக்கொண்ணு ஒத்துப் பாத்துட்டு இருந்தனுங்க, பனியன் கம்பெனில சலானையும் பில்லையும் வச்சு டிக் அடிக்கற மாதிரி, அதுதான என்ற பொழப்பு. அதுல ஒரே எடத்துல இருக்கற ஒரே நட்சத்திரத்துக்கு ஒரு கேட்டலாக் ஆர்ஆர்சி, பீரியட் (ஒரு ஏத்த எறக்கம் முடியற நேரம்) 0.2113 நாள்னு போட்டிருக்குது. இன்னொண்ணு ஈடபிள்யூ, 0.4226 நாள்னு போட்டிருக்குது. கரெக்டா ரெண்டு மடங்கு. பிரகாசம் 15.1 மேக்னிட்யூட் பக்கம் (நம்பர் எச்சானா மங்கல்னு அர்த்தம்), ஏத்த எறக்கம் 0.3 மேக்னிட்யூட்.

சும்மா எழுத்துப் பிழைன்னு விட முடியலீங்க. ஆர்ஆர்சின்னா வயசான ஒத்தை நட்சத்திரம், தானா ஊதி ஊதிச் சுருங்கறது. ஈடபிள்யூன்னா ரெண்டு நட்சத்திரம் ஒட்டிக்கிட்டே ஒண்ணையொண்ணு சுத்தி மறைக்கறது. ரெண்டுக்கும் ஒறவே கெடையாது. ஆனா நான் ரெண்டு பீரியட்லயும் மடிச்சுப் பாத்துட்டேன், ரெண்டுலயும் கோடு அழகா வருது. எதை நம்பறது?

கோடு_கோவை

ப்ரோ, ப்ராபபிலிட்டின்னு ஒரு காலம் இருக்கும், அதைப் பாத்தீங்களா? இந்த மாதிரி கேட்டலாக் நெறைய ரேண்டம் ஃபாரஸ்ட்ங்கற மெஷின் லேர்னிங் முறை வச்சுப் பிரிச்சதுதான். பீரியட், ஆம்ப்ளிட்யூட், கலர், வளைவோட உருவத்தைச் சொல்ற ஃபூரியர் நம்பருங்க இதெல்லாம் உள்ள குடுப்பாங்க, நூத்துக்கணக்கான மரம் ஓட்டுப் போடும், எச்சா ஓட்டு வாங்குன லேபிள் ஒட்டிக்கும். 0.95ன்னு இருந்தா நம்பலாம், 0.5 பக்கம்னா மெஷினே தலையச் சொறிஞ்சுட்டுத்தான் போட்டிருக்கும்.

அப்பறம் ஒண்ணு, கோச்சுக்காதீங்க. 2020ல வந்த இசட்டிஎஃப்ங்கற வான சர்வே பட்டியல்ல மட்டும் 7,81,602 பீரியாடிக் வேரியபிள், அது 11 வகையாப் பிரிச்சது. கயா செயற்கைக்கோள் டேட்டாவோட மூணாவது வெளியீடு 2022 ஜூன்ல வந்துச்சு, அதுல வேரியபிள் ஒரு கோடியே 5 லட்சம் பக்கம். ஒரு நட்சத்திரத்துக்கு ரெண்டு வாரம்னா நீங்க எப்ப முடிப்பீங்க? தப்பு அஞ்சு பர்சன்ட் இருந்துட்டுப் போவுதுன்னு விட்டுட்டுத்தான் எல்லாரும் வேலை பாக்கறாங்க.

மஞ்சமண்டி

எனக்கு வானமும் தெரியாது கம்ப்யூட்டரும் தெரியாதுங்க, ஈரோட்டுல மஞ்சள் யாவாரம். ஆனா இந்த லேபிள் சங்கதி புடிபடுது. மூட்டை மேல விரலின்னு எழுதியிருந்தா அப்படியே எடுத்துட்டு வந்துருவமா? குத்தூசி போட்டு நாலு விரல் எடுத்து ஒடிச்சு உள்ள நெறம் பாக்கறோமல்ல. அது இருக்கட்டும், மடிக்கறதுன்னா என்ன மடிக்கறீங்க? பேப்பரையா?

பாவுநூல், திருப்பூர்

மஞ்சமண்டி அண்ணா, ஸ்ட்ரைப் துணி தெரியுமல்லங்க, அதையே சொல்றேன். சர்வே கேமரா ஒரே நட்சத்திரத்தை ரெண்டு நாளைக்கொரு தடவை, மூணு நாளைக்கொரு தடவைன்னு வருசக்கணக்கா படம் புடிக்குது. அந்தப் புள்ளியெல்லாம் வரிசையா வச்சா கம்பு எறைச்ச மாதிரி செதறிக் கெடக்கும், ஒண்ணும் தெரியாது. ஏன்னா நட்சத்திரம் அஞ்சு மணி நேரத்துல ஒரு சுத்து முடிச்சுருது, நாம எப்பவோ ஒருக்கா எட்டிப் பாக்கறோம். அதனால அந்த மொத்த நீளத்தையும் பீரியட் அளவுக்குத் துண்டு போட்டு ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கறோம். அளவு சரியா இருந்தா ஸ்ட்ரைப் மேல ஸ்ட்ரைப் உக்காரும், ஒரு நூல் தப்புனாலும் கலைஞ்சு போயிரும். எந்த அளவுல நல்லா உக்காருதுன்னு கம்ப்யூட்டர் லட்சக்கணக்கான அளவு வச்சு ஓட்டிப் பாக்கும்.

இப்ப என்ற வில்லங்கம் எங்கன்னா, ஒரு கருநீல ஸ்ட்ரைப், அடுத்தது அதை விடத் துளியூண்டு வெளுத்த நீல ஸ்ட்ரைப், மாத்தி மாத்தி வர்ற துணின்னு வைங்க. நெசமான ரிப்பீட் ரெண்டு ஸ்ட்ரைப் சேந்தது. ஆனா பாதி அளவுல மடிச்சாலும் நீலத்து மேல நீலம் உக்காந்துரும். லைட்டுக்கு நேராப் புடிச்சாத்தான் வித்தியாசம் தெரியும். ரெட்டை நட்சத்திரத்துக்கு அதே கதைங்க, ஒரு சுத்துல ரெண்டு தடவை மங்கும், ரெண்டு மங்கலும் கிட்டத்தட்ட ஒரே ஆழம்.

மஞ்சமண்டி

இப்பத்தான் வெளங்குச்சு. சேல்ஸ்மேன் வேலைக்குப் போயிருக்கலாம் நீங்க.

வாத்தியாரம்மா_கோபி

பாவுநூல் தம்பி, ஸ்ட்ரைப் உதாரணம் அருமை, நாளைக்கு கிளாஸ்ல திருடிக்கறேன். கூட ரெண்டு விசயம் சொல்றேன்.

பீரியட் தேடறதுக்கு எல்லாரும் முதல்ல ஓட்டறது லாம்ப்-ஸ்கார்கிள்ங்கற கணக்கு முறை. லாம்ப் 1976ல, ஸ்கார்கிள் 1982ல எழுதுனது, விட்டு விட்டு எடுத்த அளவுகளுக்குன்னே உள்ளது. ஆனா அது அடிப்படைல ஒரே சீரா ஏறி எறங்கற ஒரு சைன் வளைவைப் பொருத்திப் பாக்கற வேலை. ஈடபிள்யூல ரெண்டு மேடு ரெண்டு பள்ளம் ஒரே மாதிரி இருக்கறப்போ, ஒரு மேடு ஒரு பள்ளம்னு பாதிப் பீரியட்லதான் சைன் கச்சிதமாப் பொருந்தும். அதனால மறைப்பு ரெட்டைக்கு லாம்ப்-ஸ்கார்கிள் பாதியைச் சொல்றது கோளாறு இல்ல, அதோட சுபாவம். அனுபவப்பட்டவங்க ரெண்டால பெருக்கி இன்னொருக்கா மடிச்சுப் பாத்துருவாங்க.

இந்த இனத்துக்கே பேரு குடுத்த டபிள்யூ உர்சா மேஜோரிஸ் இருக்கே, அதோட பீரியட் 0.3336 நாள், எட்டு மணி நேரத்துக்குத் துளி எச்சு. மூணு சுத்து சேந்தா ஒரு நாளும் ஒண்ணேகால் நிமிசமும். அப்ப கோபில மொட்டை மாடில தெனமும் ராத்திரி பத்து மணிக்கு மட்டும் பாத்தீங்கன்னா தெனமும் கிட்டத்தட்ட அதே கட்டம்தான் கண்ணுல படும், மாறாத நட்சத்திரம்னு சத்தியமே பண்ணுவீங்க. ஒரே ஊருல இருந்து பாக்கற எல்லாச் சர்வேக்கும் இந்தத் தலைவலி உண்டு. ஒரு நாள், அரை நாள், 29.5 நாள் இப்படி வர்ற பீரியட்டைச் சந்தேகமாத்தான் பாக்கணும். ராத்திரி பகலும் நெலா வெளிச்சமும் டேட்டால புகுந்து வேசம் கட்டிட்டு நிக்கும்.

இப்ப உங்க நட்சத்திரத்துக்கு வர்றேன். தூரத்தைப் பாத்தா ஒரே நிமிசத்துல தீர்ப்பு சொல்லலாம். ஆர்ஆர்சி சேந்த ஆர்ஆர் லைரே இனம் எல்லாமே உள்ளபடிக்கு நல்ல வெளிச்சம், அப்சல்யூட் மேக்னிட்யூட் (எல்லாத்தையும் ஒரே தூரத்துல வச்சுப் பாத்தா வர்ற பிரகாசம்) 0.6 பக்கம். அது 15.1ஆத் தெரியணும்னா சுமாரா 26,000 ஒளியாண்டு தள்ளி இருக்கணும். அந்தப் பீரியட்ல ஈடபிள்யூன்னா 3.5 பக்கம் வரும், அப்ப 7,000 ஒளியாண்டுக்குள்ள. கயா பேரலாக்ஸ் (பூமி சுத்தறதால நட்சத்திரம் நகர்ற மாதிரித் தெரியற கோணம், கிட்ட இருந்தா எச்சு) எடுத்துப் பாருங்க. 0.13 மில்லி ஆர்க் செகண்ட் பக்கம் வந்தா ஆர்ஆர்சி, 0.5ஐ ஒட்டி வந்தா ஈடபிள்யூ. 15 மேக்னிட்யூட்ல கயாவோட பிசகு 0.03 பக்கம்தான், அதனால கொழப்பமே வராது.

தோட்டத்துசாளை

நீங்கெல்லாம் பெரிய பெரிய கணக்கு பேசறீங். நான் தாராபுரம் பக்கம், தோட்டந்தானுங்க. மூணு பேஸ் கரண்ட் ராத்திரிதான் வரும், மோட்டார் போட்டு தண்ணி கட்டறப்போ வரப்புல உக்காந்து வானம் பாக்கறதுதான் சின்ன வயசுல இருந்து. திருவாதிரை 2019 கடைசில மங்குனதை நானாகக் கண்டுபுடிச்சேன்னு சொன்னா யாரும் நம்பறதில்ல. மார்கழித் திருவாதிரைக்கு அம்மிச்சி கோயிலுக்குக் கெளம்புது, நான் மேல பாத்துட்டு என்னாத்தா உன்ற நட்சத்திரம் வத்திப் போச்சுன்னு கேட்டேன். பக்கத்துல இருக்கற ரோகிணியை விட மங்கலா இருந்துச்சு, எப்பவும் எச்சா இருக்கும்.

என்ற கேள்வி, அது இந்த பீரியாடிக்ல சேருமா சேராதா?

வாத்தியாரம்மா_கோபி

நம்பறமுங்க அண்ணா, உலகமே பாத்துச்சு. சாதாரணமா 0.5 பக்கம் இருக்கறது 2020 பிப்ரவரில 1.6 வரைக்கும் போயிருச்சு. ரோகிணி 0.9, அதனால நீங்க பாத்தது சரி. அது தன்ற மேல்பரப்புல இருந்து ஒரு வீச்சு வாயுவை வெளிய தள்ளி, அது ஆறித் தூசியாகி மொகத்தை மறைச்சதுன்னு பின்னால எழுதுனாங்க.

கேட்டலாக்ல அதை செமி ரெகுலர்ம்பாங்க. 400 நாள் பக்கம் ஒரு தாளம், 2,100 நாள் பக்கம் இன்னொரு தாளம், ரெண்டுமே கடிகாரம் மாதிரி ஓடாது. தாளம் இருக்கு, தப்பித் தப்பிப் போடும், நம்மூரு கரண்டு மாதிரி.

கோடு_கோவை

டீச்சர் பேரலாக்ஸ் மேட்டர் சூப்பர். ஆனா அதையும் மெஷினுக்குக் குடுத்தா மெஷினே பிரிச்சுரும், கயா வர்றதுக்கு முன்னால ஓட்டுன பழைய கேட்டலாக்தான் இப்படித் தடுமாறும். மனுசக் கண்ணுக்கு வேலையில்லைன்னு நான் சொல்ல வந்தது அதுதான்.

கிழக்கால_பாக்கறவன்

கோடு தம்பி, சித்தெ நில்லுங்க. மெஷினுக்குப் படிச்சுக் குடுத்தது ஆரு? பழைய கேட்டலாக்ல மனுசன் கண்ணால பாத்து எழுதி வச்ச லேபிளை வச்சுத்தான அது கத்துக்குது. அதுல ஒருத்தர் ஆர்ஆர்சின்னு தப்பா எழுதியிருந்தா அந்தத் தப்பையும் பாடமா எடுத்துக்கும், அப்பறம் அதே தப்பை ஆயிரம் நட்சத்திரத்துக்கு ஒட்டும். கூட்டம் எச்சா இருக்கற இனத்துக்கு ஓட்டும் எச்சா விழும். கயாவுல மறைப்பு ரெட்டை 21 லட்சத்துக்கு மேல, ஆர்ஆர் லைரே 2.7 லட்சம், செஃபைட்ங்கற இன்னொரு ஊதிச் சுருங்கற இனம் வெறும் 15,000. பத்து எண்ணம் இருக்கற அபூர்வ இனம் ஒண்ணு உள்ள மாட்டுனா ஏதோ ஒரு பெரிய கூட்டத்துல கரைஞ்சு போயிரும்.

நான் காங்கேயம் பக்கம், ரிட்டயர்டு, இருவது வருசமா இதே கிறுக்கு. என்ற மானம் போன கதை ஒண்ணு சொல்றேன், பாவுநூலுக்கு உதவும். டெஸ் செயற்கைக்கோள் டேட்டால எந்தப் பட்டியல்லயும் இல்லாத ஒரு வேரியபிள் சிக்குச்சு. 27 நாள் சேந்தாப்ல டேட்டா, கண்ணாடி மாதிரி வளைவு, பீரியட் பிசிறில்லாம வந்துச்சு. நண்பருக்கெல்லாம் போன் போட்டு பீத்திக்கிட்டேன், வீட்ல பாயாசம். அப்பறம் பாத்தா 40 ஆர்க் செகண்ட் தள்ளி, எப்பவோ ஊரறிஞ்ச ஒரு ரெட்டை, அட்சர சுத்தமா அதே பீரியட். டெஸ்ஸோட ஒரு பிக்சல் 21 ஆர்க் செகண்ட். பக்கத்து ஊட்டு வெளிச்சம் என்ற ஊட்டுச் சொவத்துல விழுந்ததைப் பாத்துட்டு கரண்டு வந்துருச்சுன்னு குதிச்சிருக்கறேன். ஆசாசன் சர்வேல பிக்சல் 8 ஆர்க் செகண்ட், அங்கயும் இது நடக்கும். அதனால முதல் வேலை, சுத்தி ஒரு ஆர்க் நிமிச (60 ஆர்க் செகண்ட்) தூரத்துல அதே பீரியட்டோ அதுல பாதியோ இருக்கற பக்கத்து ஊட்டுக்காரன் இருக்கறானான்னு பாருங்க.

ரெண்டாவது, இசட்டிஎஃப்ல ஜி, ஆர்னு ரெண்டு ஃபில்டர் இருக்குதல்ல, தனித்தனியா மடிங்க. ஊதிச் சுருங்கற நட்சத்திரம் சூடாகி ஆறும், அதனால நெறமும் கூடவே மாறும், நீலப்பக்கம் இருக்கற ஜில ஏத்த எறக்கம் எச்சாவும் ஆர்ல கம்மியாவும் காட்டும். ஒட்டி இருக்கற ரெட்டைல ரெண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே சூடு, எது எதை மறைச்சாலும் நெறம் பெருசா மாறாது, ரெண்டு ஃபில்டர்லயும் ஏத்த எறக்கம் ஏறக்குறைய சமம். பேரலாக்ஸ் சரியா வராத மங்கலான நட்சத்திரத்துக்கு இதுதான் கை குடுக்கும்.

மூணாவது நேரம். ஜூலியன் தேதி (நாளை வரிசையா எண்ணற நம்பர்) மாறறது நடுப்பகல் யூடி (உலகப் பொது நேரம்), அதாவது நம்மூருல பொழுதோட அஞ்சரை மணி. நாம கண்ணால பாத்து எழுதற ராத்திரி முழுசும் ஒரே தேதில அடங்கிரும், நமக்கு அது ஒரு வசதி. அதை மறந்துட்டு இந்திய நேரத்தையே போட்டு அஞ்சரை மணி நேரம் பிசகுனவங்களை நான் நெறையப் பாத்திருக்கறேன். உங்க நட்சத்திரம் ஈடபிள்யூன்னா அஞ்சரை மணி நேரம் பாதிச் சுத்துக்கு மேல, ஒரு பள்ளம் இருக்க வேண்டிய எடத்துக்குப் பக்கத்துல இன்னொரு பள்ளம் வந்து நிக்கும். பூமி சூரியனைச் சுத்தறதால வெளிச்சம் முன்ன பின்ன வந்து சேரும், அதுவும் ஆறு மாசத்துல 16 நிமிசம் வரைக்கும் போகும். அதைத் திருத்தி, சூரியன்ல இருந்து பாத்த மாதிரி போட்ட ஹீலியோசென்ட்ரிக் நேரமான்னு பாத்துக்கங்க.

கோடு_கோவை

சரிங்ண்ணா, ட்ரெய்னிங் செட் பாயிண்ட்டை ஒத்துக்கறேன். பாயாசம் மிச்சம் இருந்தா சொல்லுங்க.

தோட்டத்துசாளை

இந்த ஆர்ஆர், டபிள்யூ இதெல்லாம் ஆரு வச்ச பேருங்க? இங்கிலீசு எழுத்து ஏ, பில ஆரம்பிக்காம நட்ட நடுவுல இருந்து எடுத்துருக்கறாங்க?

கிழக்கால_பாக்கறவன்

ஜெர்மனிக்காரர் ஆர்கெலாந்தர் பண்ணுன வேலை. ஒவ்வொரு நட்சத்திரக் கூட்டத்துலயும் முதல்ல கண்டுபுடிச்ச வேரியபிளுக்கு ஆர், அப்பறம் எஸ், டின்னு இசட் வரைக்கும். அது தீந்ததும் ஆர்ஆர்ல இருந்து இசட்இசட், அதுவும் பத்தாம ஏஏல இருந்து கியூஇசட் வரைக்கும், நடுவுல ஜே மட்டும் கெடையாது. மொத்தம் 334 பேரு. அதுக்கு மேல வந்ததுக்கு வி335, வி336ன்னு நம்பர். இப்ப சர்வேல லட்சக்கணக்குல வருது, பேரு வைக்கறதுக்குப் பதிலா வானத்துல இருக்கற எடத்தோட நம்பரையே பேராப் போட்டுடறாங்க, ஆதார் நம்பர் மாதிரி.

சந்தர்ப்பம் வந்ததால சொல்றேன். ஆர் ரெட்டிகுலின்னு ஒரு வேரியபிள், தெக்கு வானத்துல. அது மாறுதுன்னு 1867ல கண்டுபுடிச்சது நம்ம மெட்ராஸ் அப்சர்வேட்டரில வேலை பாத்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி. அப்ப அங்க தலைமைல இருந்தவர் போக்சன், மேக்னிட்யூட் அளவுகோலை 1856ல முறைப்படுத்துனவரே அவருதான். நம்மூரு பையன் ஒருத்தனுக்குக் கூட ரகுநாதாச்சாரி பேரு தெரியறதில்ல, எனக்கு இது தீராத வெசனம்.

தோட்டத்துசாளை

எனக்கும் இல்லீங், இன்னிக்குத்தான் தெரிஞ்சுது. கம்ப்யூட்டர் இல்லாம வெறுங்கண்ணுல நான் பாக்கற மாதிரி ஒண்ணு சொல்லுங்களே.

வாத்தியாரம்மா_கோபி

மார்கழி தையில வானம் தொலக்கி வச்ச மாதிரி இருக்கறப்போ பெர்சியஸ் நட்சத்திரக் கூட்டத்துல அல்கோல் பாருங்கண்ணா. 2 நாள் 20 மணி 49 நிமிசத்துக்கு ஒருக்கா 2.1ல இருந்து 3.4க்கு மங்கி ஏறும், மொத்தம் பத்து மணி நேரம். 1783ல இதோட தாளத்தைச் சொன்ன குட்ரிக்குக்குக் காது கேக்காது, பதினெட்டு வயசுப் பையன். அடுத்த வருசம் டெல்டா செஃபையையும் புடிச்சாரு, 21 வயசுலயே போயிட்டாரு. அல்கோலைப் பக்கத்துல இருக்கறதோட ஒப்பிட்டு எழுதுங்க, ஆனா ரோ பெர்சை பக்கம் போவாதீங்க, அதுவே மாறற நட்சத்திரம், 3.3க்கும் 4க்கும் நடுவுல ஆடும். எப்சிலான் பெர்சை 2.9, அது நிலையா நிக்கும்.

ஆவணி புரட்டாசில மேகம் வழி விட்டுச்சுன்னா திருவோணத்துக்குப் பக்கத்துல ஈட்டா அக்விலே, ஏழு நாள் செஃபைட், 3.5க்கும் 4.4க்கும் நடுவுல. ஆடி மாசத்துல ஒண்ணையும் எதிர்பாக்காதீங்க, பாலக்காட்டுக் கணவாய்க் காத்தும் மேகமும் ஒட்டுக்கா வந்து குந்திக்கும்.

பாவுநூல், திருப்பூர்

எல்லாருக்கும் நன்றிங்க, நேத்து ராத்திரி ஒரே மூச்சுல பண்ணிப் போட்டேன்.

பக்கத்து ஊட்டுக்காரன் ஒருத்தரும் இல்ல. பேரலாக்ஸ் 0.48. டீச்சர் கணக்குப்படி அங்கயே முடிஞ்சுது, ஆனாலும் மனசு கேக்காம ஜியையும் ஆரையும் தனித்தனியா மடிச்சேன். ஜில 0.31, ஆர்ல 0.30. அப்பறம் 0.4226ல மடிச்சு புள்ளியெல்லாம் நூறு பங்காப் பிரிச்சு சராசரி எடுத்துப் பாத்தா, ஒரு பள்ளம் இன்னொண்ணை விட 0.04 ஆழம் எச்சு. வெளுத்த நீல ஸ்ட்ரைப் தெரிஞ்சுருச்சுங்க! தனித்தனிப் புள்ளியே 0.03 செதறிக் கெடக்கறதால வெறும் பார்வைல சிக்கல. மேடு ரெண்டும் உருண்டையா, பள்ளம் ரெண்டும் கூர்மையா இருக்குது. ஈடபிள்யூதான்.

ஆர்ஆர்சின்னு போட்ட கேட்டலாக்ல ப்ராபபிலிட்டி காலமும் பாத்தேன் கோடு ப்ரோ. 0.58.

கோடு_கோவை

நான்தான் சொன்னனே!

மஞ்சமண்டி

ஆரு என்ன சொன்னாலும் ஒடிச்சுப் பாத்ததுக்கு அப்பறந்தான நெறம் தெரிஞ்சுது.

கிழக்கால_பாக்கறவன்

விஎஸ்எக்ஸ்ங்கற பொது வேரியபிள் பட்டியல்ல என்ன லேபிள் இருக்குதுன்னு பாத்துட்டு, தப்பா இருந்தா திருத்தம் அனுப்புங்க தம்பி. ஆரு வேணாலும் அனுப்பலாம். எடம், வகை, பீரியட், ஒரு பள்ளத்தோட நேரம், மேல கீழ மேக்னிட்யூட், மடிச்ச படம் ஒண்ணு. அங்க ஆளு உக்காந்து பாத்துத்தான் ஏத்துவாங்க, படத்தோட அச்சுக்கோட்டு மேல ஒரு பேரு விட்டுப் போனாலும் திருப்பித் தாட்டிருவாங்க, முறைச்சுக்காம சரி பண்ணி அனுப்பணும்.

பாவுநூல், திருப்பூர்

அனுப்பிட்டேன் அண்ணா. ஒருக்கா திரும்பி வந்துச்சு, பள்ளத்தோட நேரத்துல ஹீலியோசென்ட்ரிக் போடாம விட்டுட்டேன். நீங்க சொல்லியும் விட்டுட்டேன். ரெண்டாம் தடவை ஏத்துக்கிட்டாங்க.

இப்ப புதுத் தலைவலி. அதே மாதிரி பீரியட் ரெண்டு மடங்கு, லேபிள் ஆர்ஆர்சி ஒரு பக்கம் ஈடபிள்யூ ஒரு பக்கம்னு இருக்கறதை மட்டும் அந்த ரெண்டு கேட்டலாக்ல இருந்து சலிச்சு எடுத்தேன். 17 மேக்னிட்யூட்டுக்கு மேல வெளிச்சமா இருக்கறது மட்டும் 43. அதுல 12 பாத்து முடிச்சிருக்கறேன். 9 ஈடபிள்யூ, 2 நெசமாவே ஆர்ஆர்சி, ஒண்ணு என்னன்னே புடிபடல, பேரலாக்ஸ் ஒரு பக்கம் இழுக்குது, நெறம் ஒரு பக்கம் இழுக்குது. மிச்சம் 31.

வாத்தியாரம்மா_கோபி

எனக்கு ஒரு பத்து தாட்டி விடுங்க தம்பி. பதினொண்ணாவது பசங்களுக்கு லீவு விடறாங்க, சும்மா ரீல்ஸ் பாத்துட்டுத்தான் கெடக்கும்ங்க. அந்தப் புடிபடாததையும் சேத்து அனுப்புங்க.

கோடு_கோவை

என்ற கணக்குல பத்து. ஸ்கிரிப்ட் எழுதித் தர்றேன், ரெண்டு ஃபில்டரும் ரெண்டு பீரியட்டும் நாலு படமா ஒரே பக்கத்துல வர்ற மாதிரி. ஆனா முடிவு நீங்களே பாத்துச் சொல்லுங்க, நான் லேபிள் போட மாட்டேன்.

கிழக்கால_பாக்கறவன்

மிச்சம் பதினொண்ணு எனக்கு. கண்ணு ஆபரேசன் முடிஞ்சு நல்லாத் தெரியுது.

தோட்டத்துசாளை

நேத்து ராத்திரி அல்கோல் பாத்தேனுங். மோட்டார் போட்டப்போ 9.40, எப்சிலானை விட எச்சு. 11.15க்கு ரெண்டும் சமம். 12.20க்கு எப்சிலானை விட நல்லாவே மங்கல். அப்பறம் கரண்டு போயிருச்சு, மடை திருப்பற வேலையும் இல்ல, சாளைக்குப் போகாம வரப்புலயே உக்காந்துட்டு இருந்தேன். 2.30க்கு மறுபடி சமம். இதை யூடில எப்படிங் எழுதறது, அஞ்சரை கழிக்கறதா கூட்டறதா?

கிழக்கால_பாக்கறவன்

கழிக்கோணுங். 11.15ன்னா 17.45. நோட்டுல எழுதி வைங்க, அடுத்த மங்கலுக்குக் கூப்புடறேன்.